கடைசி இடத்துக்கு ஒரு பெயர்

பன்றிகளுக்குத் தீவனத் தொட்டி செய்து நாலு மாநிலங்களுக்கு விற்ற மனிதருக்கு ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தத் தெரியாமலா போய்விடும்? எங்கள் ஊர் நார்பியில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டதோடு நிற்காமல் ஓட்டும் போட்டார்கள். டேரன் ஸ்டெனரூட் எங்கள் பள்ளி வாரியத்துக்குத் தலைவரானது இப்படித்தான். எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் தனக்கு ஓட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய் வானிலை பேசிவிட்டுத் திரும்பினார். மினசோட்டாவின் இந்தப் பக்கத்தில், தன்னைப் பற்றித் தானே நல்லதாக ஒரு வார்த்தை சொல்வது சாப்பாட்டு மேசையில் ஏப்பம் விடுவது மாதிரி. டேரனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. தன் முகத்தையே ஆளுயரத்துக்கு அச்சடித்து நெடுஞ்சாலை ஓரத்தில் நட்டுவைத்திருந்தார்.

அவர் பதவிக்கு வந்த முதல் மாதமே பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் காணாமல் போனார்கள். அவர்கள் 'விளைபொருள்' ஆகிவிட்டார்கள். பெற்றோர் 'வாடிக்கையாளர்' ஆனார்கள். சமையலறைப் பெண்கள் நாலு பேரும் 'ஊட்டச்சத்து அணி' ஆனார்கள். பள்ளியின் குறிக்கோள் என்னவென்று கண்டுபிடிக்க மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் 'சிறப்பை நோக்கிச் சிறப்பாகச் செல்கிறோம்' என்று கண்டுபிடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கழிவறை வாசல் உட்பட எல்லா வாசலிலும் மாட்டினார்கள்.

பள்ளிக்கூடத்தோடு விட்டாரா? நூலகத்தில் ஒரு மணிக்கு எத்தனை புத்தகம் வெளியே போகிறது என்று எண்ணச் சொன்னார். ஊர்த் தீயணைப்புக் குழுவில் இருக்கிறவர்கள் எல்லாரும் சம்பளமில்லாமல் ஓடி வருகிற விவசாயிகள். அவர்களுக்கு 'வெற்றி மனப்பான்மை' பற்றி அரை நாள் வகுப்பு எடுத்தார். லூதரன் தேவாலயத்தில் அடக்கத்துக்குப் பிறகு பெண்கள் போடுகிற மதியச் சாப்பாட்டையும் விடவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்தார்: 'இந்தச் சாப்பாட்டை உங்கள் நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?' செத்த வீட்டுச் சாப்பாட்டை யார் யாருக்குப் பரிந்துரைப்பது? ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள், பென்சில் கொடுத்திருக்கிறாரே, வீணாகக் கூடாது என்று, 'கட்டாயம் பரிந்துரைப்போம்' என்பதில் வட்டம் போட்டார்கள். டேரனைவிட அந்த வட்டம் போட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

ஜனவரியில் ஒரு நாள், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. காலையில் பேருந்துகள் கிளம்பவே ஒரு மணி நேரம் பிடித்தது. மதியம் டேரன் ஸ்டாப்வாட்ச்சோடு சமையலறைக்கு வந்தார். உள்ளே நீராவி. பெரிய அடுப்பிலிருந்து மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகளை லவோன் ஹெக்லண்ட் இழுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, அதில் இருபத்திரண்டு வருடம் அந்த அடுப்பின் முன்னால். தட்டை இழுக்கிற வேகத்தைப் பார்த்தால் யாரும் ஐம்பத்தெட்டு என்று சொல்லமாட்டார்கள். பரிமாறுகிற இடத்தில் நின்றது டோரீன், லவோனுடைய நாத்தனார். அவளைப் பார்த்தால் ஐம்பத்தாறு என்று யாரும் சொல்லமாட்டார்கள், எழுபது என்பார்கள். முட்டி போய்விட்டது. ஆனால் வாய் போகவில்லை.

"என்னடா, மூக்கு ஒழுகுது? உங்கம்மா கைக்குட்டை குடுக்கலையா? உங்க மாடு கன்னு போட்டுதா இல்லையா?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் கரண்டியைத் தூக்குவாள். வரிசை கூடம் தாண்டி நிற்கும்.

"பதினேழு செகண்ட்," என்றார் டேரன். "டோரீன், ஒரு பிள்ளைக்குப் பதினேழு செகண்ட் ஆகுது. எங்க தொழிற்சாலையில பதினேழு செகண்ட்ல ஒரு மூடியே மாட்டிடுவாங்க."

"உங்க மூடிக்கு மூக்கு ஒழுகாதே, டேரன்," என்றாள் டோரீன்.

பெவ்வும் டான்யாவும் பாத்திரம் கழுவுகிற பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். பெவ்வுக்கு அறுபது, தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறவள். டான்யாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். லவோன் சிரிக்கவில்லை. அவளுக்கு டேரனைப் பிடிக்காது. ஆனால் பதினேழு செகண்ட் என்பது உண்மை என்பதும் அவளுக்குத் தெரியும். டோரீன் புகை பிடிக்கப் பின்கதவுக்குப் போனால் லேசில் திரும்பமாட்டாள். அவள் விட்ட வேலையை ஒவ்வொரு நாளும் லவோன்தான் இழுத்துப்போட்டுச் செய்தாள். புருஷனின் தங்கை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் சேர்த்துவைத்தது நிறைய இருந்தது.

புருஷன் வெர்லினுக்கு நிலம் போய்ப் பத்து வருடம் ஆகிறது. அதற்குப் பின்னாலேயே சர்க்கரை வந்தது. கண் மங்கி, வண்டி ஓட்டுவதையும் விட்டாயிற்று. ஒரு நாளைக்கு நாலு ஊசி. குளிர்சாதனப் பெட்டிக் கதவில், முட்டை வைக்கிற இடத்தில் இன்சுலின் குப்பிகள் இருந்தன. லவோனின் பள்ளிக்கூட வேலையில் கிடைத்த இன்சூரன்ஸ் இருந்ததால்தான் அந்தக் குப்பிகள் அங்கே இருந்தன. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும், இன்சூரன்ஸ் போனால் குப்பி போகும். அதற்கு மேல் அவள் யோசிக்கமாட்டாள். பாதி யோசித்ததும் எழுந்து எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

பிப்ரவரியில் டேரன் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார். எல்லாரும் என்றால் ஆசிரியர்களைத் தவிர. ஆசிரியர்களுக்குச் சங்கம் இருந்தது, அவர்கள் மேல் கைவைத்தால் கை வெந்துவிடும். ஆகவே தலைமைப் பண்பெல்லாம் சங்கமில்லாதவர்கள் தலையில் விடிந்தது. சமையல் நாலு, பேருந்து ஓட்டுநர் ஒன்பது, கூட்டிப் பெருக்குகிறவர்கள் ஆறு, அலுவலகம் நாலு. ஆக இருபத்துமூன்று பேர், பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில் முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு நல்ல கம்பெனி மரம் மாதிரி," என்றார் டேரன். "வருஷத்துக்கு ஒரு தடவை கிளை கழிக்கணும். கழிச்சாத்தான் மரம் வளரும். நான் மேல இருந்து கழிக்க மாட்டேன். அது பழைய காலத்துத் தலைமை. நீங்களே சொல்லுங்க. ஆளுக்கு ஒரு சீட்டு. உங்க அணியில கடைசி இடம் யாருக்குன்னு ஒரே ஒரு பேர் எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பெட்டியில போடுங்க. யார் பேர் அதிகமா வருதோ, அவங்க வேற இடத்துல ஜெயிக்கிறதுக்கு நாம வழி விடுவோம்."

"வழி விடறதுன்னா வேலைய விட்டு எடுக்கறதா?" என்று கேட்டார் ஓட்டுநர் ஆர்டெல். காது மந்தம், அதனால் எல்லாவற்றையும் உரக்கக் கேட்பார்.

"நாம அந்த வார்த்தையைப் பயன்படுத்தறதில்ல, ஆர்டெல்."

"வார்த்தைய விடுங்க. சம்பளம் வருமா வராதா?"

"வராது."

"அப்ப எடுக்கறதுதான்," என்றார் ஆர்டெல், புரிந்துவிட்ட திருப்தியோடு.

பெவ் கை தூக்கினாள். "எதுக்கும் கேட்டுக்கறேன். நம்ம பேரையே எழுதலாமா?"

டேரன் சிரித்தார். அவர் பல் நன்றாக இருக்கும். "தடை ஒண்ணும் இல்ல. ஆனா யாரு பெவ் அப்படி எழுதுவா? உண்மையா இருங்க. உண்மைதான் நாம ஒருத்தருக்கொருத்தர் குடுக்கற பரிசு. சீட்டுல உங்க நம்பர் இருக்கு, ஆனா எழுதறது ரகசியம். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

ஒருவராவது எழுந்து சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். இருபத்துமூன்று பேர். அந்தக் குளிரில் மூன்று மணிக்கு எழுந்து பேருந்துக்கு அடியில் படுத்து டீசலைச் சூடாக்குகிறவர்கள். ஒருவரும் எழவில்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லா பேசினீங்க, டேரன்," என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். மரியாதை எங்கள் ஊருக்குப் பிடித்த வியாதி.

அந்த வாரம் சமையலறையில் யாரும் சீட்டைப் பற்றிப் பேசவில்லை. பேசியதெல்லாம் பனியைப் பற்றி, டான்யாவின் பையனுக்குக் காதுவலி பற்றி. வியாழக்கிழமை பெவ் வீட்டிலிருந்து, ஓட்ஸும் சாக்லேட்டும் போட்டுச் சுட்டுச் சதுரம் சதுரமாக வெட்டிய இனிப்பு கொண்டுவந்தாள். மூன்று மணிக்கு ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

"நீ எடுத்துக்கடி, டான்யா," என்றாள் டோரீன்.

"ஐயோ, எனக்கு வேண்டாம். பெவ்தானே செஞ்சாங்க."

"நான் வீட்டுல தின்னுட்டேன். லவோன், நீ எடு. நீதான் நின்னுகிட்டே இருக்க."

"எனக்கு எதுக்கு," என்றாள் லவோன்.

பெவ் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போகிற போக்கில் யாரோ அந்தப் பாதியைப் பாதியாக்கினார்கள். நாலு மணிக்குக் கட்டைவிரல் நகமளவு ஒரு துண்டு தட்டில் கிடந்தது. கடைசித் துண்டை எடுத்தவள் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம். நார்பியில் பிறந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. லவோனுக்கும் ஊறியதுதான். ஆனால் அன்றைக்கு அவள் அந்தத் தட்டைப் பார்த்தபோது மனதில் வந்தது வேறு. இனிப்பு வேறு, வேலை வேறு. வேலை என்று வந்துவிட்டால் எவள் விட்டுக்கொடுப்பாள்? டான்யாவுக்கு இரண்டு குழந்தைகள். பெவ்வுக்கு வீட்டுக் கடன். டோரீன் தனி ஆள், அவளுக்கும் வேண்டும். எல்லாரும் சாமர்த்தியமாக இன்னொருத்தி பெயரை எழுதிப் போட்டுவிட்டு, தான் மட்டும் அசடாக நின்றால்?

அன்று மாலை சூப் குடிக்கும்போது வெர்லின் கேட்டார்.

"அந்தச் சீட்டு என்னாச்சு?"

"நாளைக்குப் போடணும்."

"யார் பேரு எழுதப் போற?"

"தெரியல."

"உன் பேரை எழுதிப் போடு. கதை முடிஞ்சுது. அந்தப் பன்னித்தொட்டிக்காரனுக்கு வேற என்ன பதில் இருக்கு?"

"சுலபமா சொல்லிட்டீங்க. நாலு பேரும் என் பேரையே எழுதிட்டா?"

"உன் பேரை யாரு எழுதுவா? நீ இல்லாட்டி அந்த அடுப்பே எரியாது."

"அடுப்பு எரியறது எங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா? அவன் வாட்ச்சுக்குத் தெரியுமா?"

வெர்லின் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டார். கண் சரியாகத் தெரியாததால் பாதி மேசையில் விழுந்தது. "டோரீன் பேரை மட்டும் யாரும் எழுதக் கூடாதுன்னு வேண்டிக்கறேன்," என்றார். "அவ மந்தம்தான். எனக்கே தெரியும். சின்ன வயசுல பால் கறக்க விட்டா மாடே தூங்கிடும். ஆனா இந்த வயசுல அவளை யாரு வேலைக்கு வெச்சுக்குவா?"

மேசையில் விழுந்த ரொட்டியை லவோன் துடைத்தெடுத்தாள். அவர் படுக்கப் போனதும் சீட்டை விரித்தாள். பென்சிலால் 'லவோன்' என்று எழுதினாள். எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் இருக்கிறதா என்று பார்த்தாள். பால் இருப்பது அவளுக்குத் தெரியும். பிறகு வந்து உட்கார்ந்து பெயரை அழித்தாள். 'டோரீன்' என்று எழுதினாள். உண்மையைத்தானே எழுதச் சொன்னார், இது உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை என்ற சொல் அவளுக்கு அந்த நேரத்தில் ரொம்ப உதவியாக இருந்தது. டேரனிடமிருந்து அவள் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். என் பெயர் ஒன்றால் மட்டுமா அவள் வேலை போகப்போகிறது, எப்படியும் எல்லாரும் அவள் பெயரைத்தான் எழுதுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டாள்.

மார்ச் முதல் வாரம் டோரீனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு பை. உள்ளே டேரன் கம்பெனியின் தொப்பி ஒன்றும், 'அடுத்த சிகரம்' என்ற தலைப்பில் ஒரு சின்னப் புத்தகமும்.

"என்னை வழி விட்டுட்டாங்கடி," என்றாள்.

டான்யா அழுதுவிட்டாள். பெவ் கை துடைக்கிற துணியை மடித்துக்கொண்டே இருந்தாள், அதற்கு மேல் மடிக்க முடியாத அளவுக்கு. லவோன்தான் அவளுடைய அலமாரியைக் காலி செய்ய உதவினாள். முட்டிக்குப் போடுகிற பட்டை, மாத்திரை டப்பா, தடிமனான ஒரு ஸ்வெட்டர், பாதி காலியான சிகரெட் பெட்டி. முன்னாள் மாணவர்களின் பள்ளிப் படங்கள் ஒரு கட்டு.

"யாரு எழுதினாங்களோ, அவங்க மேல எனக்குக் கோபமில்ல," என்றாள் டோரீன். "நான் மெதுவாத்தானே செய்யறேன். அது பொய்யில்லையே. நீதான் பாவம், என் வேலையும் உன் தலையில விழும்."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"வெர்லின்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சொல்லாத. அவன் டேரன் வீட்டு வாசல்ல போய் நின்னுடுவான். கண்ணும் தெரியாது, தப்பான வீட்டு வாசல்ல நிப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லவோனுக்குச் சிரித்த வாய் வலித்தது. ஆனால் 'எழுதினாங்களோ' என்று டோரீன் பன்மையில் சொன்னதை அவள் பற்றிக்கொண்டாள். நான் மட்டுமில்லை. பெவ்வும் எழுதியிருப்பாள். அழுகிற டான்யாவும் எழுதியிருப்பாள், குற்றவுணர்ச்சியில்தான் இந்த அழுகை. அந்த வாரம் முழுக்க அவர்கள் இரண்டு பேரையும் அவள் கொஞ்சம் இளப்பமாகவே பார்த்தாள். வீட்டில் டோரீனுக்கு ஹாட்டிஷ் செய்து இரண்டு தடவை கொடுத்தனுப்பினாள். ஞாயிறுதோறும் டோரீன் வழக்கம்போல் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். வேலை தேடுகிற கதைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். முப்பது மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் கேட்டாளாம். அவளைப் பார்த்துவிட்டு, எந்த அறை வேண்டும் என்று கேட்டார்களாம்.

ஏப்ரலில் பனி இளகி ஊர் முழுக்கச் சேறு. வயல்களில் தண்ணீர் நின்றது. அந்த மாதத்து இரண்டாம் ஞாயிறு, தேவாலயம் முடிந்ததும் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ஊர்ப் பாராட்டு விருந்து. பன்றித் தொடை, மசித்த உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி. முன்பெல்லாம் அந்த விருந்தில் ஒரு பிரார்த்தனை, ஒரு நகைச்சுவை, சாப்பாடு, அவ்வளவுதான். இந்த வருடம் மேடை, ஒலிபெருக்கி, பின்னால் திரை. திரையில் டேரன்.

லவோன், வெர்லின், டோரீன் மூன்று பேரும் ஒரே மேசை. டோரீனை வரவேண்டாம் என்று வெர்லின் சொல்லிப் பார்த்தார்.

"ஏன் வரக் கூடாது? பன்னித்தொடை நல்லா இருக்கும்," என்றாள் டோரீன். "நான் இல்லாம யாரு சமைச்சா, எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

டேரன் பேச ஆரம்பித்தார். பால் குடிக்கிற பிள்ளையிலிருந்து பல்லில்லாத கிழவர்வரை ஊரே உட்கார்ந்திருந்தது. இந்த வருடம் என்னென்ன அம்பு மேலே போயிருக்கிறது என்று திரையில் காட்டினார். எல்லா அம்பும் மேலேதான் போயிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயத்தை உங்களோட மனசு விட்டுப் பகிர்ந்துக்கணும். பிப்ரவரியில நம்ம பணியாளர்கள்கிட்ட ஒரு கேள்வி கேட்டோம். அணியில கடைசி இடம் யாருக்கு? இருபத்துமூணு சீட்டு வந்துது. அதைப் பிரிச்சுப் பாத்தப்ப எனக்கு வருத்தமா இருந்துது. ஒன்பது ஓட்டுநர், ஒன்பது பேரும் தங்களோட சொந்தப் பேரையே எழுதியிருந்தாங்க. அலுவலகத்துல நாலும் அப்படியே. துப்புரவுல ஆறும் அப்படியே."

கூடத்தில் மெல்ல ஒரு சிரிப்பு எழுந்தது. ஆர்டெல் பக்கத்திலிருந்தவரிடம், தான் ரகசியமென்று நினைத்த குரலில், "நான் பஸ்ஸால ரெண்டு வீட்டுத் தபால் பெட்டிய இடிச்சிருக்கேன், வேற யாரு பேர எழுத?" என்றார். இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"சிரிக்கலாம்," என்றார் டேரன். "ஆனா இது நம்ம ஊரோட நோய். தன்னம்பிக்கை இல்ல. உண்மையைச் சொல்ல தைரியம் இல்ல. எல்லாருக்கும் ஒரு ஓட்டுன்னா எந்த முடிவும் எடுக்க முடியாது. திட்டமே படுத்துடும். ஆனா படுக்கல. ஏன் தெரியுமா? இருபத்துமூணு பேர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், துணிஞ்சு உண்மையை எழுதினாங்க. ஊட்டச்சத்து அணியில. ரகசியம்னு சொல்லியிருந்தேன். ஆனா நல்ல உதாரணத்தை ஒளிச்சு வெக்கக் கூடாதுங்கறதுதான் தலைமையோட ஏழாவது விதி. லவோன் ஹெக்லண்ட், மேடைக்கு வாங்க!"

முதலில் லவோனுக்குத் தன் பெயர் காதில் விழவில்லை. கணக்குதான் ஓடியது. பெவ் தன் பெயரை எழுதியிருக்கிறாள். டான்யா, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தன் பெயரை எழுதியிருக்கிறாள். டோரீனும்தான். நாலாவது சீட்டிலும் முதலில் எழுதியிருந்த பெயர் அப்படியே இருந்திருந்தால் நாலு பேருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. பன்றித்தொட்டிக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். யார் வேலையும் போயிருக்காது. இருபத்துமூன்று பேரில் ஒரே ஒருத்திக்குத்தான் வேலை போயிருக்கிறது. அந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஜெல்லியை முள்கரண்டியால் அளைந்துகொண்டிருந்தாள்.

கை தட்டினார்கள். ஆமாம், தட்டினார்கள். யாரை மேடைக்குக் கூப்பிட்டாலும் தட்டுகிற ஊர் இது. பாதி தட்டும்போதே ஒவ்வொருவருக்கும் புரிந்து, கைகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லாரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

லவோன் எழுந்தாள். எழாமல் இருந்திருக்கலாம். அவளும் இந்த ஊர்க்காரிதானே, கூப்பிட்டால் போகாமலிருப்பது மரியாதை இல்லை. மேடையேறியதும் டேரன் ஒரு மரப்பலகையைக் கையில் கொடுத்தார். பித்தளைத் தகட்டில் அவள் பெயர், அதன் கீழே 'உண்மைக்கான துணிவு'. ஒலிபெருக்கியை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

"சொல்லுங்க லவோன், அந்தத் துணிவு எங்கிருந்து வந்துது?"

அவள் பெவ்வைத் தேடினாள். பெவ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்திலிருந்து வந்தது என்ற பதில் வாய்வரை வந்தது. "தேங்க் யூ," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இறங்கி வந்தாள்.

மேசையில் டோரீன் அவள் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள். "உன் உருளைக்கிழங்கு ஆறிடுச்சு," என்றாள். "வேற கொண்டுவரச் சொல்லவா?"

"வேண்டாம்."

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் உப்பு கம்மி."

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே வண்டியில்தான் வரவேண்டியிருந்தது. பழைய பிக்கப், முன்னால் ஒரே நீள இருக்கை. லவோன் ஓட்டினாள். வெர்லின் நடுவில். கதவோரம் டோரீன். பலகை வெர்லினின் மடியில் இருந்தது. யார் அங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை.

"தோர்சன் வயல்ல இன்னும் தண்ணி நிக்குது," என்றார் வெர்லின்.

"ஆமா. இந்த வருஷம் விதைக்க லேட்டாகும்," என்றாள் டோரீன்.

"மே பத்து ஆயிடும்."

"ஆயிடும்."

லவோன் சாலையையே பார்த்தாள். திட்டிவிடுங்கள், யாராவது ஒருவர் ஒரு வார்த்தை திட்டிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினாள். ஏழு மைலுக்கும் அவர்கள் வானிலையே பேசினார்கள்.

டோரீன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. முப்பது வருடமாக அந்த வண்டியிலிருந்து இறங்கும்போது டோரீன் 'அடுத்த ஞாயிறு என்ன சமையல்?' என்று கேட்டுவிட்டுக் கதவை வண்டியே ஆடும்படி அறைந்து சாத்துவாள். இன்று முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றாள்.

"கூட்டிட்டுப் போனதுக்கு ரொம்ப நன்றி, லவோன்," என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் வெர்லின் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பின்கட்டுக்குப் போய்த் தடவித் தடவிச் சுத்தியலும் ஒரு ஆணியும் எடுத்துவந்தார்.

"எங்க மாட்டணும்?" என்றார்.

"அதைக் குப்பையில போடுங்க."

"எதுக்கு? உன் பேரு போட்டிருக்கே."

"வெர்லின், போதும்."

"சாப்பாட்டு மேசைக்கு எதிர்ல மாட்டலாம்." அவர் குரலில் கோபமே இல்லை. விருந்தாளியிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"உங்களுக்காகத்தான் எழுதினேன்," என்றாள் லவோன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு ஒரு வேலை பெரிசில்ல. உங்களுக்கு ஊசி மருந்து இல்லாமப் போயிடுமேன்னுதான் எழுதினேன்."

"தெரியும்," என்றார் வெர்லின். "எனக்காக எழுதினன்னு தெரியும். அதனாலதான் உன்னைத் திட்ட முடியல. அதனாலதான் மாட்டறேன். நீ பாக்கறதுக்கு இல்ல. நான் பாக்கறதுக்கு."

சுவரைக் கையால் அளந்து ஆணியை வைத்தார். மூன்று அடியில் இரண்டு அவர் விரலில் விழுந்தது. ஒரு சத்தமும் போடவில்லை. பலகையை மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எனக்குச் சரியாத் தெரியல. நேரா இருக்கான்னு பாத்து உண்மையைச் சொல்லு," என்றார்.

லவோன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றாள்.